சாம்பல் அங்கிக்காரன் திரும்பி வந்த ஞாயிறு

எங்கள் கூட்டத்தில், இறந்துபோன வீரன் ஒருவன் உயிரோடு திரும்ப வேண்டுமானால் மூன்று கைகள் உயர வேண்டும். படக்கதையை வரைந்தவர்கள் அவனை எழுப்பிவிட்டார்கள் என்பது மட்டும் எங்களுக்குப் போதாது. நாங்கள் நால்வர். நால்வரில் மூவர் ஒப்பினால் அவன் பிழைத்தவன். ஒப்பாவிட்டால், அடுத்த இதழில் அவன் வானில் பறந்தாலும் பகைவரை வென்றாலும், எங்களைப் பொறுத்தவரை மண்ணுக்குள் இருப்பவன்தான். அதன் பிறகு வெளிவரும் அவனுடைய கதைகளைப் பற்றி எங்களில் எவரும் வாய் திறப்பதில்லை.

இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் கடைக்காரர். ஏற்காட்டுக் கடைவீதியில் குடையும் கம்பளிக் குல்லாவும் விற்பவர். சேலத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக இங்கே வணிகம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தவர். மாதந்தோறும் படக்கதை இதழ்களைச் சேலத்திலிருந்து பேருந்தில் வரவழைப்பவரும் அவரே. அவருடைய கடையின் பின்னறையில், குடைக் கட்டுகளுக்கு நடுவே, ஞாயிறு பிற்பகல்களில் நாங்கள் கூடுவோம். கிளியூரில் குடியிருக்கும் செவிலியர் அம்மையார் ஒருவர். செம்மநத்தத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற காப்பித் தோட்டக் கணக்கர் ஒருவர். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்ந்த நான். தோட்டத்தில் பணிபுரிந்த காலத்துப் பெயராலேயே கணக்கரை எல்லாரும் ரைட்டர் என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

"போன வருசம் செத்தவன் இந்த வருசம் வந்து நிக்கறானுங்க. சீசனுக்கு வர்றவங்களாச்சும் நம்ம கடைக்கு வருசத்துக்கு ஒருக்காத்தான் வர்றாங்க. இவனுங்க அதுக்கும் மேல வர்றானுங்க," என்று கடைக்காரர் ஒருநாள் சலித்துக்கொண்டார். அன்று பிறந்ததுதான் இந்த வாக்கெடுப்பு. விளையாட்டாகத் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் அதில் விளையாட்டே இல்லாமற் போயிற்று. கையை உயர்த்துமுன் எல்லாரும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம்.

மீளுயிர்ப்பை ஏற்க எனக்கென்று மூன்று அளவைகள் வகுத்திருந்தேன். இறப்புக்கு முன்பே மீள்வதற்கான குறிப்பு கதையில் இடம்பெற்றிருக்க வேண்டும். மீள்வதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். மீண்டவன் பழையவனாகவே இருத்தல் கூடாது. இவற்றை நான் விளக்கும்போதெல்லாம் செவிலியர் அம்மையார் கேலி செய்வார். "ஏனுங்க ஐயா, மீளுயிர்ப்பு மீளுயிர்ப்புங்கறீங்களே, எனக்கு அது மருந்துச் சீட்டுல எழுதற பேராட்டவே கேக்குதுங்க."

"மூணு வேளையும் சாப்பாட்டுக்கு அப்புறமுங்க," என்பார் ரைட்டர்.

நாங்கள் நால்வரும் ஒருசேர விரும்பிய வீரன் ஒருவன் உண்டு. பெரிய ஆற்றல் எதுவும் இல்லாதவன். கடற்கரை நகரம் ஒன்றில் கலங்கரை விளக்கைக் காப்பவன்; புயல் எழும் நாட்களில் மட்டும் சாம்பல் நிற அங்கியை அணிந்து நகருக்குள் இறங்குவான். கடந்த மழைக்காலத்தில் வந்த இதழில் அவன் இறந்தான். அணை உடையும் வேளையில், ஊர் முழுவதும் வெளியேறும்வரை மதகைத் தோளால் தாங்கி நின்று, கடைசி வண்டி பாலத்தைக் கடந்த பின் கையை விட்டான். உடல் கிடைத்தது. ஊரார் அடக்கம் செய்தார்கள். கடைசிப் பக்கத்தில் உரையாடலே இல்லை. விளக்கு மட்டும் எரியாமல் நின்றது.

அந்த இதழைப் பற்றிப் பேசிய ஞாயிறன்று ரைட்டர் வரவில்லை. அவருடைய மனைவி சேலத்தில் மருத்துவமனையில் இருந்தார். தம் இதழைக் கடையில் வாங்கிச் சட்டைக்குள் மழை படாமல் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாராம். அந்த அம்மையாரும் இவற்றைப் படிப்பவர். எங்கள் கூட்டத்துக்கு வந்ததில்லை என்றாலும், அவருடைய கருத்துகளை ரைட்டர் ஞாயிறுதோறும் கொண்டுவருவார். "எங்கூட்டுல சொல்றாங்க" என்று அவர் தொடங்கினாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். பெரும்பாலும் எங்களைவிடக் கூர்மையான கருத்தாக இருக்கும்.

மழை ஓய்வதற்குள் அந்த அம்மையார் மறைந்தார். அடக்கத்துக்கு நாங்கள் மூவரும் செம்மநத்தம் சென்றோம். குறுகலான பாதையில் மண் சரிந்திருந்ததால் பாதி வழியில் இறங்கி நடந்தோம். சில்வர் ஓக் மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ரைட்டர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

தை மாதம் அவர் கூட்டத்துக்குத் திரும்பினார். அதற்குள் வேறொரு செய்தி பரவியிருந்தது. கைப்பேசிக் குழுக்களில் வெளியூர் வாசகர்கள் நாள் முழுவதும் அதைப் பற்றியே வாதிட்டார்கள்: சாம்பல் அங்கிக்காரன் திரும்பி வருகிறான். இதழ்க் கட்டு கடைக்கு வந்த அன்று, நானும் ரைட்டரும் ஆளுக்கொன்றை வாங்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை ஒன்றாக நடந்தோம். ஏரியிலிருந்து எழுந்த பனி சாலைக்கு ஏறியிருந்தது. அவர் தம் இதழைப் பிரிக்கவில்லை.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமுங்க," என்றார்.

"கேளுங்க."

"அணை ஒடையற கதைய ஆஸ்பத்திரியில அவளுக்கு நாந்தானுங்க படிச்சேன். கண்ணு சரியாத் தெரியல அவளுக்கு. படத்தையெல்லாம் சொல்லிச் சொல்லிப் படிச்சேன். நொம்ப அழுதா. அப்புறம் கடைசிப் பக்கத்த இன்னொருக்கா சொல்லச் சொன்னா. சொன்னேன். 'போறவன் நல்லபடியாப் போயிட்டான். இவன மறுபடி எழுப்பீராதீங்கன்னு உங்க கூட்டத்துல சொல்லிப்போடுங்க'ன்னா. சரின்னு சொல்லீட்டேன்." அவர் சற்று நின்றார். "அதுக்கப்புறம் அவ நல்ல நெனப்போட பேசவே இல்லீங்க."

நான் இதழை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"கடைக்காரரு தூக்கீருவாரு. நர்சம்மாவும் தூக்கீருவாங்க. நீங்க கை தூக்காம இருந்தாப் போதுமுங்க ஐயா."

"மற்றவங்ககிட்டயும் சொல்லலாமே."

"பாவம் பாத்துத் தூக்காம இருந்தா அது ஓட்டாகாதுங்களே. உங்களுக்குன்னா எப்பவும் ஒரு காரணம் இருக்குமுங்க."

"சரி, நான் படிச்சுப் பார்க்கிறேன்," என்றேன்.

அந்தச் சொற்களை அவர் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். அவர் முகம் தெளிந்ததை நான் கண்டேன். பேருந்தில் ஏறிச் சன்னலருகே அமர்ந்து எனக்குக் கையசைத்தார். நான் வாக்குறுதி அளிக்கவில்லை என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

படித்தேன். அடக்கம் செய்யப்பட்டவன் கண்ணாடிக்கு அப்பாலுள்ள உலகிலிருந்து வந்த, அவனைப் போலவே இருக்கும் இணையன் என்றும், உண்மையான வீரன் விளக்கின் பெரிய ஆடிக்குள் சிறைப்பட்டிருந்தான் என்றும் கதை சொன்னது. முதல் பார்வைக்கு மலிவான உத்தி. இதை மறுப்பது எளிது. ரைட்டர் கேட்டதும் நிறைவேறிவிடும் என்று எண்ணிப் புத்தகத்தை மூடினேன். மூடியவன் அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். மறுப்பதற்கும் சான்று வேண்டுமே என்று பழைய இதழ்களை எடுத்து அடுக்கினேன். நான்கு நாட்கள் உருப்பெருக்கியோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள், அணை உடைவதற்கு மூன்று இதழ்களுக்கு முன்பு, ஒரு சிறு கட்டத்தில் அதைக் கண்டேன். படியேறும் வீரனின் அங்கியைப் பூட்டும் கொளுவி இடத்தோளில் இருந்தது. அதற்கு முன் வந்த எல்லாப் படங்களிலும் அது வலத்தோளில்தான் இருந்தது. அதன் பின் இறக்கும்வரை இடத்தோளில். ஓவியர் பிழை செய்யவில்லை. கண்ணாடியில் வலம் இடமாகத் தெரிவதுபோல், ஆள் மாறியதை அங்கேயே வரைந்துவைத்திருந்தார். வெளியூர்க் குழுக்களில் ஒருவர்கூட இதைக் கவனிக்கவில்லை.

என் மகிழ்ச்சியை இப்போது எழுதக் கூசுகிறது. அறைக்குள் எழுந்து நடந்தேன். ஞாயிறு எப்போது வரும் என்றிருந்தது.

ஞாயிறு வந்தது. கடைக்காரர் வழக்கம்போல் தேநீர் வரவழைத்தார். ரைட்டர் குடைக் கட்டின்மீது அமர்ந்திருந்தார். செவிலியர் அம்மையார் முதலில் பேசினார்.

"கண்ணாடிக்குள்ள இருந்தானாம், வந்துட்டானாம். எனக்கு மனசு ஒப்பலீங்க. நாலு இதழ் அழ வெச்சுட்டு, அது அவனே இல்லைன்னா எப்படிங்க? முன்னாடியே ஏதாச்சும் காட்டியிருந்தா கை தூக்கலாம்."

"எனக்கு அதெல்லாம் வேண்டாமுங்க. அவன் வந்தாச் சரி," என்றார் கடைக்காரர்.

செவிலியர் அம்மையாரின் கை உயராது என்று தெரிந்துவிட்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ரைட்டர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு நம்பிக்கையோடு தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து பழைய இதழை எடுத்தேன். கட்டத்தைக் காட்டினேன். இடத்தோள், வலத்தோள் என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி விளக்கினேன். குறிப்பு உண்டு, இணையன் உயிர் கொடுத்ததால் விலையும் உண்டு, திரும்பியவன் தனக்காக இறந்தவனை எண்ணி விளக்கேற்றவே மறுப்பதால் அவன் பழையவனும் அல்லன். மூன்று அளவைகளும் நிறைவுறும் கதை இதற்கு முன் வந்ததே இல்லை என்றேன். நெடுநேரம் பேசினேன்.

"அட, ஆமாங்களே," என்று அம்மையார் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார். கடைக்காரர் கை முன்பே உயர்ந்திருந்தது. மூன்றாவதாக என் கை உயர்ந்தது. நான் நிறுவியதை நானே மறுக்க எனக்கு இயலவில்லை.

ரைட்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "சரிங்க," என்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க," என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். செம்மநத்தம் பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"என்னாச்சுங்க அவருக்கு?" என்று கடைக்காரர் கேட்டபோது, வேறு வழியின்றிச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா ஐயா."

"மற்றவங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னாருங்க."

"அந்தச் சட்டையில குத்தற ஊக்கு எந்தப் பக்கம் இருக்குதுன்னு மட்டும் தெரிஞ்சுது உங்களுக்கு," என்றார் அம்மையார்.

ஆறு ஞாயிறுகள் ரைட்டர் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தால் எடுப்பார். மிளகு காய்கிறது, ஆள் கிடைக்கவில்லை என்பார். ஏழாம் வாரம் நானே செம்மநத்தம் சென்றேன். அவர் களத்தில் தார்ப்பாயை விரித்து மிளகைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். "வாங்க ஐயா, ஊட்டுக்குள்ள வாங்க," என்று நாற்காலியை இழுத்துப்போட்டு, தாமே காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருந்தது. இன்னும் அளவு பிடிபடவில்லை என்றார்.

நான் அதிகம் சுற்றிவளைக்கவில்லை. தவறிவிட்டேன் என்றேன். மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள், மறுபடியும் வாக்கெடுப்போம், அவனை ஏற்காமல் விட்டுவிடுவோம் என்றேன்.

அவர் காலில் ஒட்டிய மிளகைத் தட்டிவிட்டார்.

"கோவமெல்லாம் இல்லீங்க ஐயா. நீங்க காட்டுனது நெசந்தானே. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து நானும் எடுத்துப் பாத்தேன். எடத்தோள்லதான் இருக்குது." பிறகு சொன்னார்: "அவ அழுதது வேற எவனுக்கோன்னு ஆயிப்போச்சுங்க. அதுதான்."

"அதனாலதான் மாற்றிவிடலாம்னு சொல்றேன்."

"வேண்டாமுங்க. செத்தவன எழுப்பி, அப்புறம் நாம உக்காந்து மறுபடி சாகடிக்கறது நல்லால்லீங்க. அவ சொன்னது எழுப்ப வேண்டாம்னு. எழுப்பியாச்சு. அது அவ்வளவுதானுங்க."

நான் எடுத்துச்சென்ற பேச்சு அத்துடன் முடிந்தது. விலை ஏறியிருக்கிறதா என்று மிளகைப் பற்றிக் கேட்டேன். அவர் பொறுமையாக விடையளித்தார். பேருந்து வரும்வரை சாலையோரம் என்னுடன் நின்றார். நான் ஏறியதும் ஓட்டுநரிடம், "ஐயாவ பாத்து எறக்கி விடுங்க," என்று சொன்னார். வளைவில் திரும்பும்போது பார்த்தேன். அவர் முன்பே களத்துக்குப் போய்விட்டிருந்தார்.

கூட்டம் நிற்கவில்லை. நாங்கள் மூவரும் ஞாயிறுதோறும் கூடுகிறோம். மூவர் மட்டுமே என்பதால், எவனேனும் திரும்ப வேண்டுமானால் இப்போது மூவரும் ஒப்ப வேண்டும். சித்திரையில் ஒருவன் எரிமலையிலிருந்து மீண்டான். நல்ல கதை, குறிப்பும் இருந்தது, விலையும் இருந்தது, மீண்டவன் பழையவனும் அல்லன். இருவரும் கையை உயர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க ஐயா, கை வலிக்குதுங்களா?" என்றார் செவிலியர் அம்மையார், முன்பிருந்த கேலிக் குரலை வரவழைத்துக்கொள்ள முயன்று.

என் கை மடியிலேயே இருந்தது. அவர் சிறிது நேரம் காத்திருந்து, தம் கையையும் இறக்கிக்கொண்டார். கடைக்காரர் இதழ்களை அள்ளி அடுக்கினார். வெளியே யாரோ குடை விலை கேட்டார்கள். அவர் எழுந்து போனார்.