காலுக்குள் ஒடிந்த ஸ்க்ரூ

கரமனைப் பாலத்தருகே மழை ஈரத்தில் ஸ்கூட்டர் சறுக்கி, என் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. எலும்புக்குள் நீளமாக ஒரு கம்பியைச் செருகி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். செய்தவர் சின்ன வயது டாக்டரம்மா. அவர் தனியாகச் செய்த முதல் சில ஆபரேஷன்களில் அதுவும் ஒன்று என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதம் அந்தக் காலில் பாரம் போடக் கூடாது, தரையில் உட்காரவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

இரண்டாம் மாதம் அப்பாவின் திவசம் வந்தது. செய்துவைக்க வந்த சாஸ்திரிகளே, நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாம், தோஷமில்லை என்றார். என் மனைவியும் கெஞ்சினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கல்யாணம் பார்க்க வந்தவன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தா அப்பாவுக்குச் செய்வது? பலகையில்தான் உட்கார்ந்தேன். விழுந்து நமஸ்கரித்து எழுந்தபோது காலுக்குள் ஏதோ 'டக்'கென்றது. உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் செய்து முடித்தேன்.

அடுத்த எக்ஸ்ரேயில் கீழ் ஸ்க்ரூ ஒடிந்திருந்தது. எலும்பும் கூடவில்லை. எங்கேயாவது விழுந்தீர்களா, தரையில் உட்கார்ந்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு அந்த ஸ்க்ரூ எதனால்தான் ஒடிந்தது? உள்ளே சீழ் பிடித்திருக்குமோ என்று வாராவாரம் ரத்தம் எடுத்தார்கள். வயிற்றைப் புண்ணாக்கும் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வாக்கரை மடக்கி ஆட்டோவில் ஏறி, டோக்கன் வாங்கி, பெஞ்சில் காத்திருந்து, வீடு திரும்பிப் படுத்தால் அடுத்த வாரம் வந்து நிற்கும். மனைவி தன் ஆபீஸ் லீவு முழுவதையும் எனக்காகத் தீர்த்துவிட்டாள். பேச்சையும் குறைத்துக்கொண்டாள். நானோ, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஸ்க்ரூ மட்டம், டாக்டருக்கு அனுபவம் போதாது என்று அளந்துகொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம் போலாகிவிட்டது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் மாதம், இனிக் காத்திருந்து பயனில்லை என்றார் டாக்டரம்மா. பழைய கம்பியை உருவிவிட்டு இன்னும் தடிமனாக ஒன்று போட வேண்டும், இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து முறிவில் வைக்க வேண்டும், சீனியர் செய்வார். தான் போட்டதில்தான் ஏதோ தப்பு, மன்னிக்க வேண்டும் என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?"

சொன்னேன். திவசம், பலகை, அந்தச் சத்தம், எல்லாவற்றையும். டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாகவும் இருந்திருக்கும். அவர் மலையாளி, மதுரையில் படித்ததால் தமிழ் வரும். மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"அங்கிளே, இந்த மூணு மாசமா நான் யாருக்கும் கம்பி போடல. எல்லாத்தையும் சார்கிட்ட விட்டுட்டேன். என்டெ கைதான் சரியில்லன்னு நினைச்சுப் போயி."

அப்படியானால் எனக்கு நீங்களே செய்யுங்கள் என்றேன், செய்த பாவத்தை அங்கேயே கழுவிவிடுகிற அவசரத்தில். அவர் தலையை அசைத்தார்.

"இல்ல அங்கிள். எனக்கு இன்னும் பயம் போகல."

ஃபைலில் சீனியரின் பெயரை எழுதி, சம்மதக் கையெழுத்துக்காக என் பக்கம் நகர்த்தினார். நான் போட்டேன்.