அக்கா பேரில் ஒரு கட்டுரை

எங்கள் பள்ளிக்கூடத்தில் போலீஸ்காரர்கள் வந்து தங்கியதால்தான் அக்காவின் கல்லூரிக் கட்டுரையில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. சம்பா அறுவடை நேரம். கூலி நெல்லை உயர்த்தினால்தான் வயலில் இறங்குவோம் என்று ஆட்கள் சொல்ல, வெளியூர் ஆட்களை வைத்து அறுத்துக்கொள்கிறோம் என்று பண்ணை சொல்ல, இருவருக்கும் நடுவில் நிற்பதற்கு மன்னார்குடியிலிருந்து ஒரு வேன் நிறையப் போலீஸ் வந்தது. எங்கள் வகுப்பறையில் பாய் விரித்தார்கள். கரும்பலகை மேல் சட்டை காயப்போட்டார்கள். பள்ளிக்கூடம் மறு அறிவிப்பு வரும்வரை கிடையாது என்றார்கள். அரசியல் மீது எனக்குப் பெரிய மரியாதை ஏற்பட்டது அப்போதுதான்.

அக்கா தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் சொந்தத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள். 'என் ஊரில் நிலமும் கூலியும்' என்று ஒரு கட்டுரை எழுதிவரச் சொல்லி விடுமுறைக்கு அனுப்பியிருந்தார்கள். பிறர் எழுதியதை எடுத்தால் யாருடையது என்று அடியில் குறிக்க வேண்டும், குறிக்காமல் எடுத்தால் அது திருட்டு என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எழுத்துல என்னடி திருட்டு? நாலு வரி எடுத்தா அங்க கொறஞ்சா போவுது?"

எனக்கும் அம்மா சொன்னதுதான் சரியாகப்பட்டது.

செய்தி மாமாவுக்கு எட்டியது. அம்மாவின் தம்பி. ஆளுங்கட்சியின் மேடைப் பேச்சாளர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டோடுதான் வருவார். பங்குச் சாமியார் அதைப் பார்க்காததுபோல் இருந்துவிடுவார். ஒரு கூட்டத்தில் தலைவரை 'அவர்களே' என்று விளிப்பதற்கே மாமாவுக்குக் கால்மணி நேரம் ஆகும். அவர் கட்டுரையை முழுதாக எழுதிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நின்று உரக்க வாசித்தார். "உழுதவன் உலர்ந்தான், உட்கார்ந்தவன் உயர்ந்தான்" என்கிற இடத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாருக்கு மாமா. ஆனா இது உங்க கட்டுரை" என்றாள் அக்கா.

"மாமன் மருமவளுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பான்? மேல உன் பேர எழுதிக்க. அவ்வளவுதான்."

அப்போது நிலத்துக்கு உச்சவரம்பு வந்திருந்தது. வரம்புக்கு மிஞ்சிய நிலத்தையெல்லாம் பண்ணையார் மைத்துனர் பேரிலும் சமையல்காரர் பேரிலும் மாற்றி எழுதிவிட்டார் என்று மாமா மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"பினாமி பினாமின்னு பண்ணையத் திட்டுறீங்க. இப்ப உங்க கட்டுரைய என் பேர்ல எழுதி வைக்கிறீங்களே, இதுக்கு என்ன பேரு மாமா?"

மாமா கட்டுரையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இவளக் காலேஜுக்கு அனுப்புனது நம்ம தப்புக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் சைக்கிளில் ஏறினார். மாமா காபி குடிக்காமல் போவது எங்கள் வீட்டில் சின்ன விஷயமில்லை. அம்மா பொழுது சாயும்வரை அக்காவோடு பேசவில்லை.

அக்கா அசரவில்லை. தானே விசாரித்து எழுதுவதென்று கிளம்பிவிட்டாள். ஊர் முழுக்கப் போலீஸ் நிற்கும்போது வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று யோசித்து, பள்ளிக்கூடம் இல்லாமல் திரிந்த என்னைத் துணைக்கு அனுப்பினாள் அம்மா. நான் இருந்தால் என்ன பாதுகாப்பு என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் பண்ணையின் களத்துக்குப் போனோம். காரியஸ்தர் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தார். உரவிலை, பம்புசெட்டு டீசல் என்று பண்ணையின் கஷ்டங்களை அடுக்கினார். கேட்கக் கேட்க எனக்கே பண்ணையார்மேல் இரக்கம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட அக்கா, "நீங்க சொன்னதா போட்டுக்கலாங்களா?" என்று கேட்டாள். அவர் களத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "பண்ணைத் தரப்புல சொன்னாங்கன்னு போட்டுக்கம்மா. போதும்" என்றார்.

அங்கிருந்து அறுவடை ஆட்களின் தெருவுக்குப் போனோம். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் பேசினாள். கூலி நெல்லை அளக்கும்போது மரக்காலைத் தட்டி நிரப்பாமல் ஏமாற்றுவதைக் கையாலேயே அளந்து காட்டினாள். பிள்ளையும் கூடவே ஆடியது. ஆனால் அக்கா பெயரைக் கேட்டதும் அவள் குரல் இறங்கிவிட்டது.

"பேரு வாணாம் பாப்பா. குறுவை நடவுக்கு அவங்கதான என்னைக் கூப்புடணும்."

"போட மாட்டேங்க. சத்தியமா" என்றாள் அக்கா.

திரும்பி வரும்போது வாய்க்கால் கரையில் நான் கேட்டேன், பெயர் போடாவிட்டால் அது திருட்டாகிவிடாதா என்று. "நான் யோசிச்சுச் சொன்னதுன்னு எழுதுனாத்தான் திருட்டு. அறுப்புக்குப் போற ஒரு அம்மா சொன்னாங்கன்னு எழுதுவேன். யாருன்னு மட்டும் எழுத மாட்டேன்" என்றாள். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்ததுபோல் தலையாட்டினேன்.

மிச்சம் இருந்தது குத்தகைக்காரர் தரப்பு. அது எங்கள் வீட்டிலேயே இருந்தது. பண்ணையின் நிலத்தில் கொஞ்சத்தை அப்பா குத்தகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா பேச்செடுத்ததுமே அம்மா பதறினாள்.

"நம்ம கதைய ஏண்டி எழுதுற? நாளைக்கி ஒருத்தன் படிச்சிட்டுப் பண்ணையில போய்ச் சொன்னா, வயல்ல கால வைக்க வுடுவாங்களா?"

அப்பா அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நிறையப் பேசுகிறவர் இல்லை. பண்ணைக்கு எவ்வளவு நெல் அளக்கிறோம், எங்களுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, காவிரித் தண்ணீர் பிந்தி வந்த வருஷம் என்ன ஆயிற்று என்று அக்கா கேட்டதற்கெல்லாம் தலை நிமிராமலே பதில் சொன்னார்.

"ஒரு குத்தகை விவசாயின்னு போட்டுடறேம்ப்பா. உங்க பேரு வேணாம்."

"என் பேரையே போடு."

அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"முழுப் பேரும் போடு. வய எங்க இருக்கு, எந்த வாய்க்கா பாயிதுன்னு எல்லாத்தையும் எழுது" என்றார் அப்பா. மறுபடியும் அரிவாளைத் தட்ட ஆரம்பித்தார்.

கல்லூரியில் நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எழுதியதை வீணாக்க மனமில்லாத மாமா, தன் கட்டுரையைக் கட்சிக்கார நண்பர் ஒருவரின் மகளுக்குக் கொடுத்திருந்தார். அவளும் அக்கா வகுப்புதான். பேராசிரியையோ கொஞ்ச நாள் முன்பு மாமாவின் கூட்டத்தால் பஸ் நின்றுபோய், உள்ளே உட்கார்ந்தபடி 'உழுதவன் உலர்ந்தான்' முழுவதையும் ஒலிபெருக்கியில் கேட்டவர். அந்தப் பெண்ணை வேறு கட்டுரை எழுதிவரச் சொன்னார். கூட்டத்தில் பேசினவர் அக்காவின் தாய்மாமன் என்று அவள் சொல்லித் தெரிந்ததும் அக்காவையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"இதையும் அவர்தான் எழுதித் தந்தாரா?"

அக்கா தன் கட்டுரையை அவர் முன்னால் திருப்பி வைத்தாள். "இந்தப் பத்தி லைப்ரரி புத்தகத்துல இருந்து எடுத்தது மேடம். அடியில போட்டிருக்கேன். இது பண்ணைத் தரப்பு சொன்னது. இது அறுப்புக்குப் போற அம்மா சொன்னது, அவங்க பேரச் சொல்ல மாட்டேன். இது எங்கப்பா. மீதி நான் எழுதுனது. எந்த வரிய வேணும்னாலும் கேளுங்க."

அவர் கேட்டார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்த பிறகும் விடவில்லை. கடைசியில் ஒரு சந்திப்பிழையைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டார்.

அடுத்த விடுமுறைக்கு அக்கா கட்டுரையோடு வந்தபோது மாமாவும் வந்தார். காபி குடித்தார். தன் பேச்சு ஒரு பேராசிரியை மனதில் அப்படியே பதிந்துவிட்டதே என்று அவருக்கு ஒரே பெருமை. அக்கா எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள இந்த வயலைச் சாகுபடி செய்துவருபவர் என்று சொல்லி, அப்பாவின் முழுப் பெயரோடு முடியும் வரி வந்ததும் அப்பா கையைத் தூக்கினார்.

"அத இன்னொரு தரம் படி."

படித்தாள். "இன்னொரு தரம்" என்றார். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று எண்ணி, நான் கிட்டப் போய் அந்த வரியை அவர் காதுக்குள் கத்தினேன். என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வயலைப் பண்ணையே நேரில் சாகுபடி செய்வதாகத்தான் சர்க்கார் கணக்கில் இருந்தது. நெல் அளந்ததற்கு ரசீது கிடையாது, பேச்சு மட்டும்தான். அப்பாவின் பெயரும் அவர் உழுத மண்ணும் ஒரே காகிதத்தில் சேர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை. இதெல்லாம் வெகுநாள் கழித்து எனக்குத் தெரிந்தது. தண்ணீர் திறப்பதற்கு முன் ஒரு நாள் காலையில், குத்தகைக்காரராகத் தன்னைப் பதியச் சொல்லி மனுக் கொடுக்க, அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அக்காவோடும் மாமாவோடும் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினார். டவுனுக்குப் போகிறவர்கள் என்னைவிட்டுப் போகிறார்களே என்று நான் தெருவில் புரண்டு அழுதுகொண்டிருந்தேன்.