அவுட் பாஸ்

மங்கலம் சாலையில், மூடிப்போன நூல் மில்லின் பெண்கள் விடுதி இப்போது அருங்காட்சியகம். அடைபட்டுக் கிடந்த பெண்கள் தப்பிய மாடி ஜன்னலில் அவர்கள் முடிச்சுப் போட்டு இணைத்த சேலைகள் தொங்குகின்றன. தரைக்கு எட்டவில்லை. பார்த்துவிட்டுக் கிளம்பினால், மில் காலத்து வாட்ச்மேனே கேட்டை மறிக்கிறார்.

"அவுட் பாஸ் குடுங்க."

"யாருகிட்ட வாங்கணும்?"

"வார்டனம்மாகிட்டங்க."

"அவங்க எங்க?"

"மில்லு மூடுனப்பவே போயிட்டாங்க."

எனக்கு எரிச்சல் வருகிறது. அவர் நிதானமாகத் தன் ஸ்டூலை எடுத்துப்போய், சேலை முடியும் இடத்துக்குக் கீழே போடுகிறார்.

"மேல போயி, பார்த்து எறங்குங்க. அந்தப் புள்ளைங்களுக்கும் நான்தானுங்க ஸ்டூல் போட்டேன். கேட்டைக் காக்கறது மட்டுந்தானுங்க என் டூட்டி."