இரண்டு கொடிகளோடு லுசேர்ணுக்கு

காலை ஏழு மணிக்கு சுவிஸின் ஃப்ரிபூர்க் ரயில் நிலையத்தில் நின்றோம். குளிரென்றால் அப்படியொரு குளிர். கனடாவிலிருந்து போன எனக்கே பல் கிட்டியது. தங்கை வாசுகி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் கணவர் ரவி ஒரு பெரிய பெட்டியைக் கைக்குழந்தைபோல் ஏந்தியிருந்தார். உள்ளே பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றின் மாதிரி. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடிந்து வந்து அவரே செய்தது. லுசேர்ணில் நடக்கும் மாதிரிக் கப்பல் கண்காட்சியில் வைக்கக் கொண்டுபோனோம்.

பேர்ண் வழியாக ஏறத்தாழ நூற்று முப்பது கிலோமீட்டர், ஒரே ரயில். அரைக்கட்டண அட்டை இல்லாத எனக்கு ஐம்பது பிராங்குக்கு மேல் பிடுங்கிவிட்டார்கள். அதைச் சொல்லிப் புலம்பக்கூட வழியில்லை. இருவரும் உர்ரென்று இருந்தார்கள்.

சண்டை கொடியைப் பற்றியது. அந்தக் கப்பல் இந்து சமுத்திரம் வரை வந்து வணிகக் கப்பல்களுக்குக் காவல் போனதாம். ஆங்கிலேயரின் கப்பல்களையும் பிடித்ததாம். கடைசியில் இரண்டு ஆங்கிலக் கப்பல்களிடம் மாட்டிக்கொண்டது. பாய்மரம் முறிந்து, பாதிப்பேர் செத்தபின் கப்டன் கொடியை இறக்கிச் சரணடைந்தான். பிடிபட்ட கப்பலில் பிடித்தவனின் கொடி மேலே, தோற்றவனின் கொடி கீழே பறக்கும். அப்படித்தான் கட்டுவேன் என்று ரவி ஒற்றைக்காலில் நின்றார்.

இதில் வாசுகிக்கு என்ன வந்தது? ஊரில் நடந்த போரின் கடைசி நாட்களில் ரவி கையைத் தூக்கிக்கொண்டு இராணுவத்திடம் போனவர். தடுப்பு முகாமில் இருந்துவிட்டே சுவிஸ் வந்தவர். வாசுகி அதை இங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை. போர் முடியமுன்னமே கொழும்பு வழியாக வந்துவிட்டார் என்று சொல்லிவைத்திருந்தாள். சரணடைந்தவனை எங்கள் ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கும் தெரியும். கொடியைப் பார்த்து யாராவது கதை கிளறினால் என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

பேர்ண் தாண்டியதும் அவள் மெல்லச் சொன்னாள்: "ஒருநாளைக்கெண்டாலும் வெண்ட கப்பலாக் காட்டுங்கோவன்."

"அது வெண்டதில்லை, தோத்த கப்பல், வாசுகி" என்றார் ரவி.

லுசேர்ணில் மழை. மண்டபத்தில் ரவி இரண்டு கொடிகளையும் கட்டினார், ஆங்கிலேயருடையது மேலே, பிரெஞ்சுக் கொடி கீழே. வாசுகி மேலங்கியைக் கொக்கியில் கொழுவிவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

பிற்பகல் ஓய்வு நேரத்தில் ஹோட்டல் சமையலறைகளில் வேலைசெய்யும் எங்கள் ஆட்கள் சிலர் வந்தார்கள். வயதான ஒருவர் கொடிகளைப் பார்த்து விளக்கம் கேட்டார். ரவி சொல்லி முடித்ததும் அவர் முகம் கடுகடுத்தது.

"ஏன் தம்பி, கடைசி வரைக்கும் நிண்டிருக்கலாமே? ஏன் இறக்கினவன்?"

ரவி குனிந்து கொடிக் கயிற்றைச் சரிசெய்தார். எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் வாசுகி வந்துவிட்டாள்.

"இறக்கினபடியாத்தான் அண்ணை மிச்ச ஆக்கள் உயிர் தப்பினவை. இவரும் கையத் தூக்கிக்கொண்டு போனவர்தான். அதாலதான் எனக்கு மனுசன் இருக்கு."

பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எந்த முகாம் தம்பி? என்ர மகனும் அப்பிடித்தான் கையத் தூக்கிக்கொண்டு போனவன். இன்னும் வரேல்லை."

ரவி தன் கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டார். மகனின் பெயரைக் கேட்டார்.

திரும்பும் ரயிலுக்கு நேரமாகியிருந்தது. வாசுகி புறப்படுவதற்காக எடுத்துப் போட்டிருந்த மேலங்கியைக் கழற்றி, மறுபடி கொக்கியில் கொழுவினாள்.