மூப்பருக்கு மாற்றிய தண்ணீர்

என் வீட்டுக்காரர் ஆர்லோ, அயோவாவில் எங்கள் சிற்றூரின் முடிவெட்டும் கடைக்காரர். ஒரு வேலையைச் செய்துவிட்டுச் சும்மா இருக்க அவருக்கு வராது. ரொட்டி வேகும்போதே அடுப்பின் கதவைத் திறந்து திறந்து பார்ப்பார். கர்த்தர் அவரை அப்படிப் படைத்துவிட்டார்.

கடையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஒரே ஒரு பெரிய மீன். பெயர் மூப்பர். எங்கள் சபை மூப்பர் டெல்மரைப் போலவே கீழுதட்டைத் தள்ளிக்கொண்டு எல்லாரையும் முறைக்கும். டெல்மருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்தப் புதன்கிழமை டெல்மருக்கு முடி வெட்டத் தொடங்குமுன், வழக்கம்போல் கால்வாசித் தண்ணீரை இறைத்து, புதுத் தண்ணீர் ஊற்றி, குளோரினை முறிக்கும் மருந்தும் விட்டிருந்தார். எங்கள் மகள் அனுப்பிய தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியை அன்றுதான் பிரித்தார். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விடவேண்டும். மஞ்சள் என்றால் நல்லது. பச்சை என்றால் அம்மோனியா, மீனுக்கு விஷம்.

டெல்மரின் தலையில் ஒரு பக்கம் முடிந்த நேரம், குப்பி பச்சையானது.

"ஐயோ, மூப்பர் செத்துருவாரு!"

"நான் நல்லாத்தாம்ப்பா இருக்கேன்," என்றார் நாற்காலியில் இருந்தவர்.

ஆர்லோ கத்தரியைப் போட்டுவிட்டு வாளியை எடுத்தார். மறுபடி இறைத்து, ஊற்றி, சோதித்தார். இன்னும் கரும்பச்சை. மறுபடியும் வாளி. நான் தரையைத் துடைத்துக்கொண்டே ஜெபித்தேன்.

"யோவ், என் தலை பாதியில நிக்குதுய்யா. ஊத்துற தண்ணியவே சோதிச்சுப் பாரேன்!" என்று டெல்மர் கத்தினார்.

சோதித்தார். ஊரின் குழாய்த் தண்ணீரே பச்சை!

தண்ணீர் ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் சிரித்தாள். "குளோரினோட அம்மோனியாவும் கலந்துதாம்மா விடுறோம். நீங்க ஊத்துன மருந்து அத மீனுக்கு ஆகாம கட்டி வச்சிருக்கும். மிச்சத்தத் தொட்டி வடிகட்டியில இருக்குற கிருமி தின்னுரும். அவர மட்டும் சும்மா இருக்கச் சொல்லுங்க."

அதுதானே முடியாத காரியம்! ஆர்லோ கத்தரியைத் தொடாமல், குப்பியும் கையுமாகத் தொட்டியையே சுற்றி வந்தார். டெல்மர் தொப்பி போட்டுக்கொண்டு போனார். நான் சோதனைப் பெட்டியை என் கைப்பையில் ஒளித்துவிட்டேன்.

மாலை ஜெபக் கூட்டத்தை நடத்தவேண்டியவர் டெல்மர். ஜெபத்துக்குத் தொப்பியைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? கழற்றினார். சபையே குனிந்து குலுங்கியது. "ஆண்டவரே, அந்த மீனுக்கு உயிரையும் ஆர்லோவுக்கு அமைதியையும் தாரும்," என்றார் பாவம்.

மறுநாள் காலை பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். குப்பி மஞ்சள். மீன் முறைத்தது. ஆர்லோ கண்ணைத் துடைத்துக்கொண்டு டெல்மரின் மறுபக்கத்தை வெட்டினார். அப்புறம் ரெண்டு பக்கமும் சமமா என்று பார்த்தார். இந்தப் பக்கம் கொஞ்சம் வெட்டினார். மறுபடி பார்த்தார்.

"போதும்ப்பா," என்றார் டெல்மர்.

"இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேன் மூப்பரே."

ஞாயிற்றுக்கிழமை டெல்மர் மொட்டைத் தலையோடு வேதம் வாசித்தார்.