இறக்கி வைத்த கூரைகள்

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு வந்த முதல் புயலில், காரைக்கால் கடற்கரைக்குச் சேதப் பட்டியல் எழுதிய குமாஸ்தா நான். மண்டபத்தூர் மீனவர்கள் புயல் வருவது தெரிந்ததும் கூரைக் கீற்றுகளை இறக்கி, மணல் போட்டு மூடிவிடுவார்கள். மழையில் மண்சுவர்கள் கரைந்தன, கீற்றுகள் பிழைத்தன. காற்றில் கூரை பறந்த வீட்டுக்குத்தான் நிவாரணம் என்பது உத்தரவு. வீடு வீடாக ‘சேதம் இல்லை’ என்று எழுதினேன்.

“நாங்களே எறக்கி வச்சது தப்பாங்க?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“உத்தரவு அப்படிம்மா” என்றேன். எரிச்சல் அவள் மேல்தான் வந்தது.

அடுத்த புயலுக்கு அங்கே யாரும் கூரையை இறக்கவில்லை. எல்லாம் பறந்தன. மண்டபத்தூரில் புயலின் வேகம் கூடிவிட்டதாக டெல்லிக்கு ஓர் அறிக்கை போனது. அதை எழுதியவனும் நான்தான்.