பொன் வட்டத்துக்குள் ஒரு தாதி

எங்கள் மகன் குறைமாதத்தில் பிறந்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். ரொறன்ரோவுக்கு வந்து எங்களுக்கு அது இரண்டாவது குளிர்காலம். நகர நடுவிலிருந்த ஆஸ்பத்திரியில் அவனை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு குழாய். தோலுக்குள்ளே ஓடும் நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

என் கையைப் பிடித்துப் பெட்டிக்குள் கொண்டுபோனவர் ஒரு பிலிப்பீன்ஸ் நாட்டுத் தாதி. குள்ளமான பெண், என்னைவிடச் சற்று மூத்தவர். பெட்டியின் பக்கத்திலிருந்த துவாரத்தைத் திறந்து, என் விரல்களைக் குழந்தையின் தலைமேல் வைத்தார்.

"தடவாதீர்கள். தடவினால் களைத்துப்போவான். சும்மா வைத்திருங்கள், அம்மா என்று தெரிந்துகொள்வான்," என்றார். எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தை மெதுவாகப் பேசினார்.

சில வேளைகளில் மகன் மூச்சு விட மறந்துவிடுவான். மெஷின் அலறும். அவர் பதறாமல் நடந்து வந்து, ஒரு விரலால் அவனுடைய உள்ளங்காலைச் சுண்டுவார். அவ்வளவுதான். நெஞ்சு மறுபடி ஏறி இறங்கும். அவர் என்னைப் பார்த்து, "சோம்பேறி," என்று சிரித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார். அந்தக் குளிர்காலம் முழுவதும் எத்தனையோ தடவை அந்த விரல் என் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தது.

பனி உருகத் தொடங்கியபோது அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நகரின் கிழக்கே வோபர்னில் எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே என் அக்கா இருந்தார். எங்களைக் கனடாவுக்கு எடுப்பித்தவர் அவர்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

"மாதா தந்த பிள்ளை. நான் நேர்த்தி வைச்சனான். பூசை ஒண்டு ஒப்புக்குடுக்கோணும்."

பூசைக்குப் போனேன். முழந்தாளிட்டேன். ஆனால் என் மனதில் மாதாவின் முகம் வரவில்லை, அந்த விரல்தான் வந்தது. எனக்கு நம்பிக்கை போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊரில் ஒரு மாரிகாலம் நாங்கள் எல்லோரும் சண்டைக்குப் பயந்து கோயிலுக்குள் ஒதுங்கியிருந்தபோது, செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவள் இடையில் நிறுத்தி, யாருக்குச் சொல்கிறேன் என்று யோசித்தேன். பதில் வரவில்லை. அது எனக்குப் பயமாகவும் இருக்கவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரைத் தவிர. நம்பிக்கை போனது பெரிய பாரமாக இருந்ததில்லை. ஆனால் பிள்ளை பிழைத்த பிறகு நெஞ்சு முட்ட நன்றி இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. எங்கள் சனத்துக்கு அதற்கு ஒரு மெழுகுதிரி இருக்கிறது, ஒரு மாதா சுரூபம் இருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு சமூக நிலையத்தில் நான் ஆங்கில வகுப்புக்குப் போய்வந்தேன். அங்கே ஒருநாள் அறிவிப்புப் பலகையில் ஐக்கன் வரையும் வகுப்பு என்று ஒரு தாள் குத்தியிருந்தார்கள். பொன் பின்னணியில் புனிதர்களை மரப்பலகையில் வரையும் பழைய கிழக்கத்திய முறை. ஊரில் நத்தாருக்குக் கோயிலில் வைக்கும் இயேசு பாலன் குடிலின் பின்திரையை வரைவது என் வேலை. அதற்குப் பிறகு தூரிகையைத் தொட்டதில்லை.

"நீர் போயிட்டு வாரும். சனிக்கிழமையில நான் பிள்ளையோட நிக்கிறன்," என்றார் கணவர்.

வகுப்பை நடத்தியவர் ருமேனியாவிலிருந்து வந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். தொடங்குமுன் எல்லோரும் கண்ணை மூடிச் செபிக்க வேண்டும் என்றார். முதல் நாள் வகுப்பு முடிந்ததும் அவரிடம் தனியே போய், எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, வரலாமா என்று கேட்டேன்.

"மற்றவர்கள் செபிக்கும்போது நீங்கள் பேசாமல் இருங்கள். அதுவும் இந்த வேலைக்குத் தேவைதான்," என்றார்.

பலகைக்கு வெண்களிம்பு பூசித் தேய்க்கவும், முட்டை மஞ்சள் கருவில் வண்ணப் பொடியைக் குழைக்கவும் பழகினோம். பொன் தகடு ஒட்டுவதுதான் கடினம். அதற்கு அடியில் பூசிய சிவப்புக் களிமண்ணுக்கு அருகில் வாயைக் கொண்டுபோய் ஆழமாகச் சூடான மூச்சு விடவேண்டும். அந்த ஈரத்தில்தான் பொன் பிடிக்கும். மூச்சு விட்டுவிட்டு நான் சற்றுநேரம் அசையாமல் இருந்தேன். பக்கத்து மேசைக்காரி, "தலை சுற்றுகிறதா?" என்று கேட்டாள்.

எல்லோரும் மாதாவை வரைந்தார்கள். நான் தாதியை வரைந்தேன். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, நேரே பார்க்கும் பெரிய கண்கள், தலைக்குப் பின்னால் பொன் வட்டம். இடது கையில் குழந்தை. வலது கையின் ஒரு விரல் குழந்தையின் உள்ளங்காலைத் தொடுகிறது. ஆசிரியர் நெடுநேரம் நின்று பார்த்தார். "இதற்குத் தேவாலயத்தில் இடம் கிடையாது. என் வகுப்பில் இருக்கிறது," என்று சொல்லிவிட்டு, மூக்கை இன்னும் நீளமாக்கச் சொன்னார்.

படத்தை வீட்டுச் சுவரில் சாய்த்துவைத்த அன்று அக்கா தேத்தண்ணிக்கு வந்தார்.

"உது ஆர்?"

"பிள்ளையைப் பாத்த நேர்ஸ், அக்கா."

"நேர்ஸுக்கு ஏன் வட்டம்? உது புனிதர்மாருக்கெல்லோ போடுறது."

"எனக்கு அவதான் புனிதர்."

"அப்ப மாதா?"

பிள்ளை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். இனியும் மறைக்க எனக்கு மனமில்லை. "அக்கா, எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஊரிலயே போயிட்டுது," என்றேன்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளைக்கு முன்னால உப்பிடிக் கதையாத," என்று எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு பல மாதங்கள் அவர் எங்கள் வீட்டில் உட்காரவில்லை. வாசலில் நின்று பிள்ளையைத் தூக்குவார், கொஞ்சுவார், போய்விடுவார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மீன்குழம்பு வருவது ஒருவாரம்கூட நிற்கவில்லை. என்னோடு கோபித்துக்கொண்டே எனக்குச் சமைத்த அந்த மனுசிக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள்.

மகனுக்கு ஒரு வயது ஆனதும் அவனையும் படத்தையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாதி முதலில் சிரித்தார். பிறகு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்டிப்பான குரலில் சொன்னார்: "வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் உங்கள் மகனுக்காகச் செபமாலை சொன்னேன், தெரியுமா? இது கடவுள் செய்தது. நானல்ல."

கடவுளை நம்பாத நான் ஆசையாக வரைந்த முதல் புனிதர் இப்படிச் சொன்னார்! எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கலாம். எனக்குத் தெரிந்தது உங்கள் விரல். தெரிந்ததைத்தான் வரைந்தேன்," என்றேன்.

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விரல் சரியாக இருக்கிறது. என் மூக்கு இவ்வளவு நீளமா?" என்றார். வீட்டில் மாட்டினால் தாயார் திட்டுவார் என்று, தாதிகள் தேநீர் குடிக்கும் அறையில் மாட்டிக்கொண்டார். பிற்பாடு ஒரு முறை போனபோது நத்தார்க் காலம். யாரோ பொன் வட்டத்துக்கு மேலே சிவப்புக் காகிதத் தொப்பி ஒன்றை ஒட்டியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. பூமிதான் சுற்றுகிறது என்று சொன்னதற்காக வீட்டுக்காவலில் இருந்த கிழவரைத் தொலைநோக்கியுடன் வரைந்தேன். அம்மைக்கு ஊசி ஏற்றுகிற ஒரு கையை மட்டும் வரைந்தேன். ஊரில் ஞானோபதேச வகுப்பில், "கடவுளைப் படைச்சது ஆர்?" என்று கேட்டுவிட்டு, தண்டனையாக வகுப்பு முடியும்வரை முழந்தாளில் நின்ற என் சிநேகிதியையும் வரைந்தேன். இரட்டைப் பின்னல், வெள்ளைச் சட்டை, மேலே உயர்த்திய கை. பார்ப்பவர்கள் எல்லோரும் அவள் செபிக்கிறாள் என்றே நினைத்தார்கள். அவள் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

மூன்று வருடங்கள் கழித்துச் சமூக நிலையத்தில் எங்கள் வகுப்பு ஒரு கண்காட்சி வைத்தது. மற்றவர்களின் மாதாக்களுக்கும் புனிதர்களுக்கும் நடுவில் என் படங்களும் தொங்கின. பக்கத்தில் ஒரு சிறு அட்டையில், "இவர்கள் கடவுளின் அடியார்கள் அல்லர், மனிதர்களுக்கு உதவிய மனிதர்கள்," என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி வைத்திருந்தேன். எங்கள் கோயில் பங்கிலிருந்து இரண்டு அன்ரிமார் வந்து அதை வாசித்தார்கள்.

"உது நிந்தனை. கழட்டச் சொல்லோணும்," என்றார் ஒருவர், நான் நிற்பதை அறியாமல்.

நான் முன்னே போகுமுன் வேறொரு குரல் கேட்டது. அக்கா. வருவதாக எனக்குச் சொல்லவே இல்லை. வேலைச் சீருடையோடு, தோளில் பையோடு நின்றார்.

"ஏன் கழட்டோணும்? கும்பிடச் சொல்லி அவ ஆரையும் கேக்கேல்லையே. உதவி செய்த ஆக்களை மறக்காமல் கீறி வைச்சிருக்கிறா. அதில என்ன நிந்தனை?"

"நீர் கோயிலுக்கு வாற ஆள், நீரே உப்பிடிச் சொல்லுறீர்?"

"ஓம், வாறனான். நாளைக்கும் வருவன். இவ என்ர தங்கச்சி."

அந்த அன்ரிமார் அடுத்த சுவருக்குப் போனார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "உன்ர எழுத்தில ஒரு பிழை கிடக்கு, ஒற்று விட்டிட்டாய்," என்றார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். மார்க்கம் வீதி நெருங்க அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, "எனக்கு ஒண்டு கீறித் தருவியோ?" என்றார்.

"ஆரை?"

"சண்டைக்குள்ள எங்களை வள்ளத்தில கடல்கடந்து இந்தியாவில கொண்டுவந்து விட்ட ஓட்டியை. என்னையும் உங்கட அத்தானையும் பிள்ளையளையும். அவர் எங்கட சமயம் இல்லை. பேரும் கேக்கேல்லை. முகமும் வடிவாத் தெரியாது, முன்னுக்கு இருந்தவர். முதுகைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான்."

ஐக்கனில் யாரையும் பின்பக்கமாக வரைவதில்லை. ஆசிரியரிடம் கேட்டேன். "உங்கள் அக்கா பார்த்தது அதுதானே?" என்றார் அவர். அகன்ற தோள்கள், இடுப்பில் உப்புக் காய்ந்த சாரம், துடுப்பைப் பிடித்த கை, முன்னால் கரையின் மெல்லிய கோடு. அக்கா இரண்டு முறை வந்து தோளைத் திருத்தச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் கூனல். களைச்சுப்போனவர்."

அந்தப் படம் இப்போதும் அக்காவின் முன்னறையில் இருக்கிறது. வருகிறவர்கள், முதுகைக் காட்டி இருக்கும் அந்த மனிதரைப் பார்த்துவிட்டு, "இது எந்தப் புனிதர்?" என்று கேட்பார்கள். அக்கா அவர்களை இருத்தி, தேத்தண்ணி போட்டுக்கொண்டே அந்தக் கடற்பயணத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்குவார்.